ஆறு இருபதுக்கும் ஒன்பது நாற்பதுக்கும் நடுவே

ஜனவரி 6, 2025, திங்கள்

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேருக்கு வாய்ப்பாடு மறந்துவிட்டது. எனக்கும் இரண்டு பேருடைய பெயர் மறந்துவிட்டது. சரிக்குச் சரி.

இந்த டைரியைப் பற்றி முதலிலேயே எழுதி வைத்துவிட வேண்டும். இது என் மச்சான் பிலிப் கொடுத்தது. எனக்குக் கொடுக்கவில்லை. அவன் அக்காவும் என் மனைவியுமான நான்சியிடம் கிறிஸ்துமஸ் கேக்கோடு சேர்த்துக் கொடுத்தனுப்பியது. பிலிப் வண்டி இன்சூரன்ஸ் ஏஜெண்ட். ஒவ்வொரு பக்கத்துக்கு அடியிலும் 'பாதுகாப்பான பயணம், நிம்மதியான வாழ்வு' என்று அச்சடித்து, பக்கத்திலேயே தன் செல்போன் எண்ணையும் போட்டிருக்கிறான். அவனோடு நான் பேசுவதில்லை. ஆனால் டைரி மேல் எனக்கு என்ன கோபம்? நல்ல தாள், மை ஊறவில்லை. அந்த வரியை மட்டும் தினமும் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு எழுதுகிறேன். விடைத்தாள் திருத்துகிறவனுக்கு அது ஒரு வேலையே இல்லை.

ஜனவரி 12, ஞாயிறு

பூசை முடிந்து வந்தால் கோயில் வாசலில் பிலிப். "ஸ்தோத்திரம் மாமா" என்றான். நான் அறிவிப்புப் பலகையைப் படித்தேன். கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்ய ஆள் வேண்டுமாம். மூன்று முறை படித்தேன்.

ஏன் பேசுவதில்லை? போன செப்டம்பரில் அவன் புது வீடு மந்திரிப்பு, சாமியார் ஜெபித்து முடித்ததும் விருந்து. அவனுக்கு இருப்பது ஒரே ஒரு அக்கா, அவளுக்கு இருப்பது ஒரே ஒரு கணவன். அந்தக் கணவனை மூன்றாம் பந்தியில் உட்கார வைத்தார்கள். பிரியாணி என் இலைக்கு வரும்போது அண்டாவில் அரிசிதான் மிச்சம். கறித்துண்டு என்று ஒன்று இல்லை. நான் கேட்கவும் இல்லை. கை கழுவிவிட்டு வந்து, வாட்ஸ்ஆப்பில் அவனை பிளாக் செய்தேன். அவ்வளவுதான்.

"பந்தி முடியப்போற நேரத்துக்கு வந்தது யாரு?" என்று நான்சி கேட்பாள். அது வேறு விஷயம்.

வரும் மே மாதம் பிலிப் மகனுக்குப் புதுநன்மை, முதல் முறையாக நற்கருணை வாங்குகிற நாள். அதற்கு ஒரு பட்டுப்புடவை வேண்டுமாம் நான்சிக்கு. ஆரணியில் இருந்துகொண்டு ஆரணிப் பட்டு வாங்குவார்களா, அது வெளியூர்க்காரர்கள் செய்கிற வேலை என்றேன். பதினெட்டு வருடமாக இதே பதிலைத்தான் சொல்கிறேன். இன்னும் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

ஜனவரி 19, ஞாயிறு

நான்சி காபியை வைத்துவிட்டு நகராமல் நின்றாள். நகராமல் நின்றால் கேள்வி வரும்.

"ஸ்கூட்டர் இன்சூரன்ஸ் அக்டோபரோட முடிஞ்சுபோச்சாமே. பிலிப் சொல்றான். போட்டீங்களா, இல்லையா?"

போட்டாச்சு என்றேன். போடவில்லை.

முயற்சி செய்தேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். நவம்பரில் ஒரு நாள் ஆன்லைனில் உட்கார்ந்து பழைய பாலிசி எண்ணைத் தட்டினேன். என் பெயர் வந்தது, வண்டி எண் வந்தது. 'உங்கள் செல்போனுக்கு ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறோம்' என்றது. என் செல்போன் சும்மா கிடந்தது. எந்த எண்ணுக்கு என்று பார்த்தால், கடைசி இரண்டு இலக்கம் 47. என்னுடையது 12. அந்த 47 யார் என்பதை இந்தப் பக்கத்தின் அடியில் பார்க்கலாம், நானே சிவப்பில் அடித்து வைத்திருக்கிறேன். வண்டி வாங்கிய நாளிலிருந்து எல்லாவற்றையும் பிலிப்தான் பார்த்துக்கொண்டான், தன் எண்ணையே கொடுத்திருக்கிறான். வேறு கம்பெனிக்குப் போனால் பழைய பாலிசியின் நகலைக் கேட்கிறார்கள். அது யாரிடம் இருக்கிறது? அதே 47.

'மச்சான், ஓ.டி.பி. வந்துச்சா' என்று அவனிடம் கேட்பதைவிட நான் சேவூர் வரைக்கும் நடந்தே போய் வருவேன்.

அதுவும் இந்தப் பழைய வண்டிக்கு எதற்கு இன்சூரன்ஸ்? இதைத் திருடுகிறவன்தான் பாவம்.

ஜனவரி 28, செவ்வாய்

பத்தாம் வகுப்புக்குக் காலை ஆறரைக்கே சிறப்பு வகுப்பு. எங்கள் சந்து போய் முட்டுகிற பெரிய தெருவில் அந்த நேரத்தில்தான் பாவு போடுவார்கள். புடவைக்கு நெடுக்கே ஓடும் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, வெயில் ஏறுவதற்குள் சிக்கெடுத்துச் சுருட்ட வேண்டும். இடுப்பு உயரத்தில் சந்து வாயை மறித்துக்கொண்டு நிற்கும். நடந்து போகிறவர்கள் குனிந்து போவார்கள். வண்டி வந்தால் ஒருவர் மூங்கில் கழியால் பாவைத் தூக்கிப் பிடிப்பார்.

எனக்குத் தூக்குகிறவர் பரசுராமன். தறிக்காரர், என் வயதுதான் இருக்கும், அதிகம் பேச மாட்டார். சந்தின் நடுவிலேயே இரண்டு ஹாரன் அடித்துவிடுவேன். நான் போய்ச் சேருவதற்குள் பாவு மேலே போயிருக்கும். தலையைக் குனிந்து, வேகம் குறைக்காமல் அடியில் நுழைந்துவிடுவேன். நாலு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் தாமதித்ததில்லை.

அந்தக் கோடியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி சாவித்திரியம்மா நிற்பார். அவருக்கு இது பிடிப்பதில்லை.

"எறங்கித் தள்ளிகினு போனா காலு தேஞ்சா பூடும் சார்?"

முதல் மணி அடித்துவிடும்மா என்று சொல்லிக்கொண்டே போய்விட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

இன்று எழுத முடியாது. பரசுராமன் கை.

பிப்ரவரி 6, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும். சிவப்புப் பேனாவை இன்று தொடவில்லை.

நேற்றுக் காலை ஆறு இருபது. எழுந்ததே தாமதம். இரண்டு ஹாரன் அடித்தேன். பரசுராமன் வலக்கையில் ஏதோ இழையைப் பிடித்திருந்தார், இடக்கையால் கழியை எடுத்தார். பாவு எழும்பிக்கொண்டிருந்தது. எழும்பிக்கொண்டிருந்ததே தவிர, எழும்பி முடியவில்லை. நான் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். கணக்கு வாத்தியார் அல்லவா.

வலது பக்கக் கண்ணாடி மாட்டியது. இழைகள் பட்பட்டென்று அறுந்தன. கழி திருகிக்கொண்டு அவரையும் சேர்த்து இழுத்தது. அவர் கழியை விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பாவு என்பதால் விடவில்லை. கழியைப் பிடித்த இடக்கை சாக்கடைக் கட்டையில் மோத விழுந்தார். நானும் விழுந்தேன், அந்தப் பட்டு மேலேயே. எனக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. இதை எழுதும்போதுகூட வெட்கமாயிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. டாக்டர் போலீசுக்கும் ஒரு சீட்டு எழுதினார். சாவித்திரியம்மா அந்தச் சீட்டைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

இருக்கு என்றேன். எப்படி வாய் வந்தது? அந்தப் பெண் முகத்தைப் பார்த்து எப்படிச் சொன்னேன்?

வராந்தாவுக்கு வந்து பிலிப்பை பிளாக்கிலிருந்து எடுக்கப் பார்த்தேன். போடத் தெரிந்த எனக்கு எடுக்கத் தெரியவில்லை. பக்கத்தில் கால்கட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா வாங்கி எடுத்துக் கொடுத்தார். போன் அடித்தேன். பத்தே நிமிடத்தில் லேப்டாப் பையோடு வந்து நின்றான். பந்தியைப் பற்றிப் பேசவில்லை, பிளாக்கைப் பற்றிப் பேசவில்லை. அதுவே எனக்குப் பெரிய அடி.

முந்தின நாள் தேதி போட்டு ஒரு பாலிசி கொடு என்று கேட்டேன். கெஞ்சினேன் என்று எழுதுவதுதான் சரி.

"மாமா, அதுல மணியும் நிமிஷமும் சேர்ந்து அச்சாவுது. என்னால முடியாது. முடிஞ்சாலும் செய்ய மாட்டேன்."

புதிதாக ஒன்று போட்டுக் கொடுத்தான். ஓ.டி.பி. 47-க்கே வந்தது. இனிமேல் நடக்கிறதுக்குத்தான் இது, காலையில் நடந்ததுக்கு இல்லை என்று இரண்டு முறை சொன்னான். என் வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லையே, பின்னே என்ன என்று கேட்டேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

"கட்டாயம்னு கவர்மெண்ட் சொல்றது உங்க வண்டிக்கு இல்ல மாமா. உங்க வண்டி யார் மேல போய் இடிக்குதோ, அவங்களுக்கு. இத்தன நாள் நான் உங்களுக்குப் போட்டேன்னா நெனச்சீங்க? இவருக்குத்தான் போட்டேன்."

நாற்பத்தாறு வயது. இருபது வருடமாக வாத்தியார். இது எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 6, அதே நாள், மாலை

ஸ்டேஷன். ரைட்டர் கண்ணாடியை இறக்கிவிட்டு என் பாலிசியை மேலிருந்து கீழே படித்தார். பிறகு ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"சம்பவம் நேத்து காலையில ஆறு இருபது. பாலிசி ஒம்பது நாப்பது. சார், நீங்க என்ன பாடம் எடுக்கறீங்க?"

கணக்கு என்றேன்.

ஸ்டேஷனே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு அபராதம் தனி, விபத்து வழக்கு தனி, அடிபட்டவர் நஷ்டஈடு கேட்டால் கம்பெனி வராது, நீங்கள்தான் உங்கள் கையிலிருந்து கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஜாமீன் தொகை கட்டும்வரை வண்டி வெளியே வராதாம். ஸ்டேஷன் மதில் ஓரம், வாகை மரத்தடியில், துருப்பிடித்த ஒரு ஆட்டோவுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு வந்தேன்.

நான்சிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, நான் சொன்ன 'போட்டாச்சு' உட்பட. அவள் பேசவில்லை. அவளுக்காகச் சாப்பாடுதான் பேசுகிறது. காலையில் ரசம், மதியம் ரசம், இரவும் ரசம்.

பிப்ரவரி 7, வெள்ளி

இன்று நடந்ததை ஒரு எழுத்து விடாமல் எழுத வேண்டும்.

பள்ளியில் ஒரு சக ஆசிரியர் தனியாகக் கூப்பிட்டு யோசனை சொன்னார். பரசுராமனே தடுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டால் வழக்கே இல்லையாம். நான் அதைக் கேட்கப் போகவில்லை. சத்தியமாகப் பழம் கொடுக்கத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆனால் என்னைக் கண்டதும் பரசுராமனே சொன்னார், மாவுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாக:

"நானே வழுக்கி உழுந்துட்டேன்னு சொல்லிடறேன் சார். உங்க வேலைக்கு எதனா ஆயிடப் போவுது."

எனக்கு மூச்சு திரும்பி வந்தது. வந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஒரு நிமிடம் முழுசாக நான் நிம்மதியாக இருந்தேன். அப்போது பின்னாலிருந்து சாவித்திரியம்மா கேட்டார்.

"அவரு வேலைக்கு ஆயிடப் போவுதுன்ற. உன் வேலைக்கு இன்னா ஆவும்? உழுந்தவனுக்கு எவன் தருவான் நஷ்டஈடு, தரையா தரும்?"

பிறகு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

"வலக்கை கயித்த இழுக்கும், எடக்கைதான் சார் பலகைய இழுத்து இழைய அடிக்கும். எடக்கை இல்லாட்டி எங்க ஊட்டுல தறி இல்ல."

பழத்தை வைத்துவிட்டு நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். ஹாரன் அடித்தது, வேகம் குறைக்காதது, அவர் எனக்காகத் தூக்கிக்கொண்டிருக்கும்போதே இடித்தது, இன்சூரன்ஸ் இல்லாதது, எல்லாவற்றையும் என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ரைட்டர் படித்துவிட்டு, இரண்டு இடத்தில் ஒற்று விட்டிருக்கிறீர்கள் என்றார்.

இரவுச் சாப்பாட்டில் ஒரு அப்பளம் இருந்தது.

பிப்ரவரி 8, சனி

சைக்கிளில் பள்ளிக்குப் போனேன். பக்கத்து வீட்டுச் சைக்கிள், பெண்கள் ஓட்டுவது, முன்னால் கூடை. இனி என்னைப் பற்றி ஒன்பதாம் வகுப்பில் யாரும் எதையும் மறக்க மாட்டார்கள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

பூசைக்குப் பிறகு பிலிப்பும் நானும் பரசுராமன் வீட்டுக்குப் போனோம். சேர்ந்து போனோம், ஆனால் பேசிக்கொண்டு போகவில்லை. நஷ்டஈட்டு மனு எப்படிப் போடுவது, எந்தெந்தக் காகிதம் வேண்டும் என்று சாவித்திரியம்மாவுக்கு பிலிப் எழுதிக் கொடுத்தான். என் மேல் போடுகிற மனுவுக்கு என் மச்சானே வழி சொல்கிறான், நான் பக்கத்தில் உட்கார்ந்து மோர் குடிக்கிறேன். இப்படியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு சாவித்திரியம்மா சொன்னார்: கோர்ட்டு கொடுக்கும்போது கொடுக்கட்டும், தறி இன்றைக்கே நிற்கிறது. நெய்வதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் பாவில் அறுநூறு இழைக்கு மேல் அறுந்து கிடக்கிறது. ஒவ்வொன்றாகத் தேடி முடிச்சுப் போட வேண்டும். அதற்கு ஆள் இல்லை.

என் கையைப் பார்த்தார்.

"உங்க கை நல்லாதான கீது?"

பிப்ரவரி 10, திங்கள்

மாலை ஐந்து முதல் ஏழு. அறுந்த இழையின் இரண்டு முனையையும் கண்டுபிடித்து, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, சேர்த்துத் திரித்து முடிய வேண்டும். சாம்பல் இல்லாவிட்டால் பட்டு நழுவும். சாம்பல் இருந்தாலும் எனக்கு நழுவுகிறது.

இரண்டு மணி நேரத்தில் பதினோரு இழை. அதில் நாலு, தப்பான ஜோடி. சாவித்திரியம்மா அவிழ்த்துவிட்டார்.

பிப்ரவரி 14, வெள்ளி

ஒரு நாளைக்குப் பதினாறு. இந்த வேகத்தில் எத்தனை நாளாகும் என்று அங்கேயே சாம்பலில் விரலால் வகுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பரசுராமன் நாற்காலியிலிருந்து சொன்னார்: "வகுக்கற நேரத்துல ரெண்டு முடியலாம் சார்." இந்த வாரம் அவர் பேசிய நீளமான வாக்கியம் இதுதான்.

நான்சி பேசுகிறாள். "கையெல்லாம் சாம்பலா வராதீங்க" என்றாள். அதுவும் பேச்சுதான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

இந்த டைரியை நான்சி படிக்கிறாள். ஜனவரி 28-ஆம் தேதிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. 'ஒரு நாள்கூட அவர் தாமதித்ததில்லை' என்ற வரியின் கீழே கோடு. வேறொன்றும் எழுதவில்லை. எழுதாமலே புரிகிறது. அவர் தாமதிக்காதது எனக்கு ஏதோ சாதாரண விஷயமாகப் பட்டிருக்கிறது, தினம் சூரியன் வருவதுபோல.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். காலையில் சாமியார் நெற்றியில் பூசினார். மாலையில் போனதும் சாவித்திரியம்மா நெற்றியைப் பார்த்துவிட்டு, பட்டுக்கு விரலில் தொட்டால் போதும் சார், நெற்றியில் எதற்கு என்றார். தவக்காலம் பற்றி விளக்கினேன். செய்த தப்புக்கு நாற்பது நாள் வருந்துவோம் என்றேன். உங்களுக்கு இந்த வருடம் ஒரு மாதம் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டதே என்றார்.

இன்று நாற்பத்தொரு இழை. தப்பு ஒன்றுமில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. பிலிப்புக்கு மெசேஜ் போட்டேன். உடனே நீல டிக் வந்தது.

மார்ச் 12, புதன்

கடைசி இழை. முடிந்ததும் கை தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். சாவித்திரியம்மா தறியில் உட்கார்ந்து நெய்ய ஆரம்பித்துவிட்டார்.

மார்ச் 19, புதன்

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது என்றார் டாக்டர். ஆனால் கை மெலிந்து வேறு யாருடைய கையோ போல இருந்தது. மணிக்கட்டு திரும்பவில்லை. பந்தைப் பிடித்து அமுக்கிப் பழக வேண்டும், மாதக்கணக்காகும், முழுசாக வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

முழுசாக வருமா என்று இப்போது சொல்ல முடியாது. இதைக் கேட்டுவிட்டு எப்படிச் சோறு இறங்கும்?

மார்ச் 21, வெள்ளி

இன்று நான் போனபோது அவர் தறியில் உட்கார்ந்திருந்தார். சாவித்திரியம்மா கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். வலக்கை கயிற்றை இழுத்தது, குறுக்கு இழையை எடுத்துக்கொண்டு நாடா ஓடியது. இடக்கை பலகையைப் பிடித்து இழுத்தது. பாதி தூரம் வந்தது, அங்கேயே நின்றது. மறுபடி. மறுபடி. நான் வாசலில் நின்றுகொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

உள்ளே போகவில்லை. தெருமுனை வரைக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், அங்கே நின்று அழுதேன். என்ன மனுசன்யா நான். ஒரு துண்டு கறிக்காக. ஒரு துண்டு கறி வரலேன்னு.

மார்ச் 22, சனி

பள்ளியிலிருந்து ஒரு டென்னிஸ் பந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு நாளைக்கு எத்தனை முறை அமுக்குகிறார் என்று எழுத ஒரு அட்டவணையும் போட்டுச் சுவரில் ஒட்டினேன். அவர் அட்டவணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வீட்டுப்பாடமா சார் என்றார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

முதல் புடவை தறியிலிருந்து இறங்கியது. கடைக்காரர் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாராம். உடலெல்லாம் முடிச்சு தட்டுகிறதாம். தடவிப் பார்த்தால் தெரிகிறது, பொடிப்பொடியாக. எல்லாம் என் முடிச்சுகள். சாவித்திரியம்மா போட்ட முடிச்சு ஒன்றுகூடத் தெரியவில்லை.

நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். கடைக்காரர் நல்ல புடவைக்குக் கொடுத்திருக்கக்கூடிய விலைக்கே எடுத்தேன். விலையை இங்கே எழுத மாட்டேன். படிக்கிறவள் படிக்கிறாள்.

மே 11, ஞாயிறு

பிலிப் மகனுக்குப் புதுநன்மை. அரக்குக் கலரில் பச்சைக் கரை போட்ட புடவையில் நான்சி. ஆரணியில் இருந்துகொண்டு ஆரணிப் பட்டு. கோயிலில் எல்லோரும் கேட்டார்கள். எங்கே எடுத்தது என்று கேட்டவர்களிடம், "எங்க வீட்டுக்காரர் வேலை செஞ்சது" என்றாள். யாரும் நம்பவில்லை. அவள் முந்தானையைத் தடவிக்கொண்டே இருந்தாள், முடிச்சுகளை எண்ணுகிறாளோ என்னவோ.

பந்தி. நான் வேண்டுமென்றே மூன்றாம் பந்திக்குக் காத்திருந்தேன். பிலிப்பே கரண்டியோடு வந்தான். என் இலையில் பிரியாணி வைத்தான், அதன் மேல் கறி வைத்தான், இன்னும் வைத்தான். போதும் மச்சான் என்றேன். கேட்கவில்லை. எட்டு மாதக் கறி அது. என்னால் முடிக்க முடியவில்லை.

ஜூன் 14, சனி

லோக் அதாலத்தில் நஷ்டஈடு பேசி முடிந்தது. என் பி.எஃப்-இலிருந்து கடன். பாலிசிக்கு வருடத்துக்கு எழுநூற்றுச் சொச்சம். கொடுத்ததை அதனால் வகுத்துப் பார்க்க ஆரம்பித்து, பாதியில் பேனாவை வைத்துவிட்டேன். சில விகிதங்களைக் கண்டுபிடிக்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது.

வண்டியை வெளியே எடுத்தாயிற்று. கண்ணாடியில் இன்னும் ஒரு பட்டு இழை சுற்றியிருக்கிறது. எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

பரசுராமன் ஒரு முழம் நெய்தாராம். அட்டவணையில் பந்துக்கு நேரே அவரே எழுதியிருக்கிறார்: '1 முழம்'. கையெழுத்து கோணலாக இருந்தது. வலக்கையால் எழுதியதுதானே, ஏன் கோணல் என்று கேட்டேன். அவர் எப்போதுமே அப்படித்தான் எழுதுவாராம்.

நவம்பர் 3, திங்கள்

முழுப் புடவை. அவரே. மெதுவாகத்தான். ஆனால் அவரே.

பிப்ரவரி 4, 2026, புதன்

புது டைரி. அதே பிலிப், அதே வாசகம், அதே 47. இந்த வருடம் சிவப்புப் பேனா விடைத்தாளுக்கு மட்டும்.

காலை ஆறு இருபது. சந்தின் நடுவிலேயே வண்டியை அணைத்துவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். ஹாரன் அடிக்கவில்லை. பெரிய தெருவில் பாவு இழுத்துக் கட்டியிருந்தது, இளம் மஞ்சள். பரசுராமன் சந்து வாயில் நின்றிருந்தார். கழி அவர் வலக்கையில் இருந்தது. என்னைப் பார்த்ததும் அதை இடக்கைக்கு மாற்றினார். பாவு எழும்பியது.

குனிந்து வண்டியை அடியில் தள்ளினேன். பாதி போயிருப்பேன், அந்தக் கோடியிலிருந்து சாவித்திரியம்மா குரல்.

"சார், இன்னியோட இன்சூரன்ஸ் முடியுதுல்ல. கட்டியாச்சா?"

போன வாரமே கட்டியாச்சு என்றேன்.

"வாயால சொல்லாதீங்க. காட்டுங்க."

இருந்த இடத்திலேயே வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டேன். சீட்டைத் திறந்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து பாலிசியை எடுத்து, பிரித்து, அவர் நடந்து வந்து தேதியைப் பார்க்கும்வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றேன். நிதானமாகப் படித்தார். மணியைக்கூடப் பார்த்தார்.

அதுவரைக்கும் பரசுராமன் எங்கள் தலைக்கு மேல் பாவைத் தூக்கியே பிடித்திருந்தார், இடக்கையால்.